பழனியப்பனின் இரண்டு உறைகள்

1976ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, மூங்கித்தோட்டத்துக் காவல்காரர் பழனியப்பனின் இடுப்பில் இருந்த தோல் உறை பால் சுரந்தது. அது கைத்துப்பாக்கி வைக்கும் உறை. அடிப்பக்கம் மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சின்னதாக ஒரு துளை விட்டிருந்தார்கள். அந்தத் துளை வழியாகப் பால் சொட்டிக் காக்கிக் கால்சட்டையை முழங்கால் வரை நனைத்தது. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்த பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். பனி என்று நினைத்த பழனியப்பன் தொட்டுப் பார்த்தபோது அது கறந்த சூட்டோடு இருந்தது. ஏழு மணிக்குத் தானாக நின்றது. மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி வந்தது. மூன்றாம் நாள் அவர் மனைவி சரோஜா கீழே டின்னைப் பிடித்து அளந்தாள். ஒரு பால் டின்னுக்கு இரண்டு விரல் குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அளவு அதேதான்.

மூங்கித்தோட்டத்துக்கு ஏட்டில் ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. லயத்து வரிசைவீடுகளில் இருந்த ஆட்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே கோலா தெர்லாவுக்குப் போகிற சாலையில் பிரிந்து, ஒன்பது வளைவு ஏறினால் தோட்டம் வரும். அங்கே செருப்பில் ஒரே வாரத்தில் பூஞ்சை பூக்கும், உப்பு ஜாடிக்குள்ளேயே தண்ணீராகிவிடும், கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளையின் முகம் மூன்றாம் வருடம் கரைந்துவிடும். ஆகவே உறையில் பால் வந்ததை ஜனங்கள் ஈரத்தின் இன்னொரு வகையாக எடுத்துக்கொண்டார்கள். ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி ஆயுதப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். பால் என்று எழுத அதில் இடம் இல்லை. "உறை: ஈரம்" என்று எழுதி மூடினார்.

பழனியப்பனுக்கு அப்போது வயது முப்பத்தேழு. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் வேலையில் இருந்தவரை, 1974இல் காட்டுக்குள் கம்யூனிஸ்ட் ஆயுதக்காரர்கள் நடமாட்டம் இருப்பதாகச் சொல்லி, அவர் உயரத்தை மட்டும் பார்த்துத் தோட்டக் காவலுக்கு எடுத்தார்கள். தாப்பாவுக்கு அனுப்பி ஆறு வாரம் பயிற்சி கொடுத்து, ஒரு பாயிண்ட் முப்பத்தெட்டு ரிவால்வரும், முன்னால் வேலை பார்த்தவர் விட்டுப்போன பழைய தோல் உறையும் கொடுத்தார்கள். துப்பாக்கி தொலைந்தால் சிறை, தப்பாகச் சுட்டால் தூக்கு என்று தாப்பாவில் சொல்லிக்கொடுத்ததில் அந்த இரண்டாவது பாதிதான் அவர் மனதில் நின்றது. இயல்பிலேயே எதையும் சட்டென்று முடிவு செய்கிற ஆள் இல்லை. சட்டைத்துணி எடுக்கப் போனால் இரண்டு நிறத்தையும் கையில் வைத்துக்கொண்டு கடை மூடும்வரை நிற்பார். கடைசியில் சரோஜா ஒன்றைப் பிடுங்கிக் கடைக்காரரிடம் கொடுப்பாள்.

பால் வருவதற்கு ஒரு நிபந்தனை இருந்ததையும் அவள்தான் கண்டுபிடித்தாள். துப்பாக்கி உள்ளே இருந்தால்தான் உறை சுரந்தது. வெறும் உறையை ஆணியில் மாட்டினால் காய்ந்து கிடந்தது.

"எங்கப்பா தாப்பாவுல ஆறு மாடு வச்சிருந்தாரு, எனக்குத் தெரியாதா?" என்றாள். "இது பசும்பால்தான். உங்க துப்பாக்கியக் கன்னுக்குட்டின்னு நெனச்சிக்கிட்டிருக்கு. கன்னு முட்டுனாதான மாடு எறக்கும்?"

"துப்பாக்கி எப்படிடீ கன்னுக்குட்டி ஆவும்?"

"அத நீங்க அந்தத் தோலுகிட்ட கேளுங்க."

அவர் கேட்கவில்லை. இரண்டு மாதம் அந்தப் பாலைச் சௌசௌக்கொடியின் வேரில் ஊற்றினார்கள். கொடி வழக்கம்போலவே காய்த்தது.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, கல்யாணமாகிப் பதினோரு வருடத்துக்குப் பிறகு, சரோஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜெயா என்று பெயர் வைத்தார்கள். சரோஜாவுக்குப் பால் வரவில்லை. டின் பாலைக் குழந்தை கக்கியது. லெம்பா பெர்த்தாமில் ஆடு வைத்திருந்த சீனரிடம் வாங்கி வந்த பாலையும் கக்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்த கிரகரி தினம் இரண்டு முறை வந்து பார்த்தார். அவர் பழனியப்பனைவிட எட்டு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர். ஊசி போடும்போது மட்டும் கெட்ட வார்த்தை சொல்வார். ஒன்பதாம் நாள் குழந்தையைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, எடையை ஏட்டில் எழுதாமல் தராசைக் கவிழ்த்து வைத்தார். அதைப் பார்த்துப் பழனியப்பன் பயந்துபோனார். பத்தாம் நாள் காலை சரோஜா யாரிடமும் கேட்காமல் புருஷனின் இடுப்புக்குக் கீழே டின்னைப் பிடித்து, வந்த பாலைத் துணியில் வடிகட்டி, பஞ்சால் தொட்டுக் குழந்தையின் வாயில் விட்டாள். குழந்தை குடித்தது, தூங்கியது, எழுந்து அழுதது, மறுபடி குடித்தது. கக்கவில்லை.

கிரகரி வந்து டின்னை முகர்ந்து பார்த்தார். நாக்கில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார்.

"பால் நல்லாத்தான் இருக்கு. துப்பாக்கி எண்ண வாடதான் அடிக்குது. எண்ண போடுறத நிறுத்திடு பழனி. பச்சப் புள்ள குடிக்கிறது."

"எண்ண போடலன்னா துரு ஏறிடுமே டிரஸ்ஸரய்யா."

"தோட்டா பித்தளதானே? பால்ல ஊறுனா களிம்பு கட்டும், விஷம். அதையும் எடுத்துரு."

"தோட்டா இல்லாம துப்பாக்கி எதுக்குங்க?"

கிரகரி குழந்தையைப் பார்த்தார். "அதத்தான் நானும் யோசிக்கிறேன். இப்ப இதுக்குத்தான்."

அன்றிலிருந்து பழனியப்பன் ஆறு தோட்டாக்களையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். ரிவால்வரைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து உறையில் செருகினார். குழந்தை கன்னம் உப்பியது. துப்பாக்கி பழுப்பேறியது. மானேஜர் துரையின் ஜீப்பில் காவலுக்கு முன்னால் உட்கார்ந்து போகும்போது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோல் உறையும் அதில் துருத்திக்கொண்டிருக்கும் பிடியும்தான் தெரிந்தன. உள்ளே இருப்பது தோட்டா இல்லாத ஓர் இரும்புக் கன்றுக்குட்டி என்பது மூன்று பேருக்கு மட்டும் தெரியும். அவர் அதைத் துரையிடம் சொல்லப் பலமுறை நினைத்தார். பங்களாப் படி வரைக்கும் போவார். குழந்தையின் முகம் ஞாபகம் வரும், திரும்புவார். பாதி வழியில் துரையின் முகம் ஞாபகம் வரும், நிற்பார்.

ஜூன் பதினேழாம் தேதி காலை ஆறே முக்கால் மணிக்குக் காட்டுப் பக்கமிருந்து இரண்டு பேர் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். ஒருவன் வாசலில் நின்றான். இன்னொருவன் உள்ளே போய்க் காய்ச்சல் மருந்தும் கட்டுத் துணியும் கேட்டான். கையில் நீளத் துப்பாக்கி இருந்தாலும் மரியாதையாகவே கேட்டான் என்று பிற்பாடு கிரகரி போலீசில் சொன்னார். கிரகரியும் அலமாரியைத் திறந்து எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். குழந்தைக்குச் சளி மருந்து வாங்குவதற்காகப் பழனியப்பன் பின்வாசல் வழியாக உள்ளே வந்தது அந்த நேரத்தில்தான். பால் இறங்குகிற நேரம் அது. உள்ளே நின்றவனைப் பார்த்ததும் ஆறு வாரப் பயிற்சியில் பழகிய கை தன்னால் இடுப்புக்குப் போனது. இழுத்தார். உறை விடவில்லை. மடியில் முட்டுகிற கன்றை மாடு விடாததுபோல் கவ்விப் பிடித்துக்கொண்டது. அவர் இன்னும் பலமாக இழுக்கவும் பால் தரையெல்லாம் சிதறியது. அந்த வெள்ளையைப் பார்த்து மிரண்டானோ, கை இடுப்புக்குப் போனதைப் பார்த்து மிரண்டானோ தெரியவில்லை, வாசலில் நின்றவன் சுட்டான். குண்டு கிரகரியின் இடது முழங்காலில் பாய்ந்தது. மருந்துக் கட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் மூங்கில் புதருக்குள் போய்விட்டார்கள். துப்பாக்கி வெளியே வந்திருந்தால்கூட அதில் தோட்டா இல்லை என்பது, கிரகரியைக் கட்டிலில் தூக்கிப் போட்ட பிறகுதான் பழனியப்பனுக்கு ஞாபகம் வந்தது.

ஈப்போவில் கிரகரியின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

துரை சத்தம் போடவில்லை. போலீஸ் வந்து விசாரித்து, ரிவால்வரின் துருவைப் பார்த்து எச்சரித்து, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, பழனியப்பனைக் கூப்பிட்டார். தோட்டத் தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

"பழனியப்பா, தோல் இந்த மலைக்கு லாயக்கில்ல. தண்ணி குடிக்கும், வீங்கும், பிடிச்சிக்கும். தினம் மெழுகு போடணும். நான் பிளாஸ்டிக்ல ஆர்டர் பண்றேன்."

"தொரை, இது தண்ணி இல்லீங்க."

"என்னவா இருந்தாலும் ஈரம்தானே?"

பழனியப்பன் குனிந்து உறையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம்தான்.

பிளாஸ்டிக் உறை வந்து சேர மூன்று மாதம் ஆனது. அதுவரை அவரைப் பங்களா வாசலில் வெறும் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். செப்டம்பர் இருபதாம் தேதி பார்சல் வந்தது. கறுப்பு நிறம், கையில் எடுத்தால் காலிச் சோப்புப் பெட்டி கனம். வாசனை என்று எதுவுமே இல்லை. ரிவால்வரின் வடிவத்துக்கே அச்சு வார்த்திருந்தார்கள். உள்ளே தள்ளினால் டக்கென்று உட்கார்ந்தது, இழுத்தால் வெண்ணெயில் கத்தி போலச் சத்தமில்லாமல் வந்தது. தண்ணீரில் முக்கி எடுத்து உதறினால் அடுத்த நிமிடம் காய்ந்திருந்தது. அதை வேலையாட்கள் பெரட்டுக் களத்தில் கைமாற்றிப் பார்த்தார்கள். லோரி ஓட்டும் ராஜு, இதுதான் இனிமேல் எல்லாத்துக்கும், வாளியைப் பார், கூடையைப் பார் என்றான். கங்காணி மாடசாமி, தோல் என்றால் பழகும், ஆளின் இடுப்புக்கு வளையும், பிளாஸ்டிக் யார் இடுப்புக்கும் வளையாது, வெயிலில் ஒரு நாள் வெடித்துப்போகும் என்றார். இங்கே எங்கே வெயில் என்று ராஜு கேட்டான். இரண்டு பேர் சொன்னதும் பழனியப்பனுக்குச் சரியாகவே பட்டது.

அன்று மாலை அவர் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு, தோட்டா நிரப்பி, பிளாஸ்டிக் உறையில் வைத்து, இரும்புப் பெட்டிக்குள் பூட்டினார். தோல் உறையை அடுப்படி ஆணியில் மாட்டினார். விடிந்ததும் பார்த்தால் பெட்டி பூட்டியபடி இருந்தது; உள்ளே பிளாஸ்டிக் உறை காலி. துப்பாக்கி அடுப்படியில் தோல் உறைக்குள் இருந்தது, பால் சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தைக்குப் பாலைப் பிடித்துக்கொண்டு, துப்பாக்கியை உருவித் துடைத்து வேலைக்குப் போனார். துடைத்தது போதவில்லை. துரை முன்னால் ஒரு சொட்டு விழுந்தது.

"ஓடிப் போகுதுன்னா கட்டி வை," என்றார் துரை.

பழனியப்பன் இரவில் கம்பி எடுத்துப் பிளாஸ்டிக் உறையின் வாயைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார், வேலைக்குப் போகும்போது அவிழ்த்தார். பிறகு நான்கு விடியல்கள் துப்பாக்கி எங்கேயும் போகவில்லை. பெட்டிக்குள் முட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அடுப்படியில் தோல் உறை அடிவயிற்றிலிருந்து கத்தியது. லயத்தில் ஆறு வீடு தள்ளி இருந்தவர்களுக்கும் அது கேட்டது. பால் ஒரு சொட்டு இல்லை. ஐந்தரை மாதக் குழந்தை. கஞ்சித் தண்ணீரைத் துப்பியது, டின் பாலைக் கக்கியது.

"வைக்கோல் கன்னு மாதிரி ஒண்ணு செஞ்சு வைங்க," என்றாள் சரோஜா. கன்று செத்துப்போனால் வைக்கோல் திணித்த தோலைக் காட்டிப் அவள் அப்பா பால் கறந்ததை அவள் பார்த்திருக்கிறாள். தோட்டத்துத் தச்சர் சீமைத்தேக்கில் அச்சு அசலாக ஒரு ரிவால்வர் செதுக்கிக் கொடுத்தார். உறைக்குள் வைத்தார்கள். உறை அதை வெளியே தள்ளியது. எண்ணெய் தடவி வாசனை பிடிக்கவைத்து மறுபடி வைத்தார்கள். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக வெளியே தள்ளியது. கவாத்துக் கத்தியின் பிடியை வைத்தார்கள். அதை வாங்கவே இல்லை. மூன்றாம் நாள் சரோஜா அழவில்லை, சண்டை போடவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு புருஷன் எதிரில் நின்றாள்.

"நீங்க நல்லவருதான். யாரு சொன்னாலும் சரிம்பீங்க. இவளுக்குப் பேச வந்தா இவ சொல்றதுக்கும் சரின்னுதான் சொல்வீங்க. ஆனா இவளுக்கு இன்னும் பேச வரல்ல லா."

நான்காம் நாள் மாலை நான்கு மணி இருக்கும். எட்டாம் நம்பர் மலையில் மேகம் இறங்கி, தேயிலை வரிசைகளுக்கு நடுவில் கைநீளத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பழனியப்பன் சுற்றுக்காவலில் இருந்தார். மூன்று நாளாகத் தூங்கவில்லை. எதிரில் ஓர் உருவம் வந்தது. அது நடந்த விதம் மனித நடை இல்லை; ஓர் அடி, ஒரு தட்டு, ஓர் அடி, ஒரு தட்டு. கையில் நீளமாக ஏதோ இருந்தது. யார் என்று கேட்க வேண்டும் என நினைத்தார். அப்படி நினைத்து முடிப்பதற்குள் துப்பாக்கி அவர் கையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. சுத்தியல் பின்னால் போயிருந்தது, விரல் விசையில் இருந்தது. தோல் உறையாக இருந்தால் இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நாலு யோசனை ஓடியிருக்கும். பிளாஸ்டிக் ஒரு யோசனைக்கும் நேரம் கொடுக்கவில்லை.

உருவம் நின்றது. மேகம் கொஞ்சம் விலகியது. இரண்டு ஊன்றுகோல்களோடு கிரகரி நின்றிருந்தார். அன்று மத்தியானம்தான் ஈப்போவிலிருந்து வந்து இறங்கியிருந்தார். குழந்தை நிலைமையைக் கேள்விப்பட்டு, பெரிய சாலை சுற்று என்று குறுக்கு வழியாக லயத்துக்கு நடந்துகொண்டிருந்தார்.

துப்பாக்கி வாயையும் அதைப் பிடித்திருந்தவரையும் அவர் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தார்.

"அன்னைக்குச் சுடல. இன்னைக்குச் சுடப்போறியா? ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணு லா, பழனி."

பழனியப்பன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். விரலை விசையிலிருந்து எடுக்க அவருக்கு வரவில்லை. கிரகரிதான் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, ஒற்றைக் காலில் குனிந்து, ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, விரலைப் பிரித்து, சுத்தியலை மெல்ல இறக்கினார்.

"என்னால ஒங்க காலு போச்சி," என்றார் பழனியப்பன். மூன்று மாதமாக வைத்திருந்த வார்த்தை அது.

"போச்சிதான்."

"எண்ண போட்டு, தோட்டா போட்டு வச்சிருந்தா..."

"எண்ண வேணாம்னு சொன்னவன் நான். தோட்டாவ எடுன்னு சொன்னவனும் நான். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு யார்மேல கோவப்படுறதுன்னு மூணு மாசம் யோசிச்சேன். ஒருநாள் ஒன்மேல, ஒருநாள் என்மேல. சில நாளு சுட்ட அந்தப் பையன்மேல. அவனுக்கு இருபது வயசுகூட இருக்காது." கிரகரி ஊன்றுகோலை எடுத்துத் தரச் சொல்லிக் கை நீட்டினார். "புள்ள பெருசா காலு பெருசான்னு என்னய எட போடச் சொல்லாத. ரெண்டும் ஒரே தராசுல ஏறாது. இப்ப புள்ள குடிக்கிறாளா?"

"நாலு நாளா இல்ல."

"அப்ப எதுக்கு இங்க ஒக்காந்திருக்க?"

வீட்டுக்குப் போனதும் பழனியப்பன் துப்பாக்கியின் எண்ணெயைச் சுடுதண்ணீரால் கழுவினார், தோட்டாவை எடுத்தார், பிளாஸ்டிக் உறையில் வைத்துப் பெட்டியில் போட்டார். கம்பியைக் கட்டவில்லை. அடுப்புக்குப் பின்னால் தூர எறிந்தார். விடிந்தபோது துப்பாக்கி போக வேண்டிய இடத்துக்குப் போயிருந்தது. நான்கு நாள் தேங்கின பால், அன்றைக்கு ஒரு டின் நிரம்பி வழிந்தது.

ஆனால் ஒரு தோட்டத்துக்குக் காவல் என்று ஒன்று வேண்டும். துரை சொன்னதும் பொய் இல்லை. ஆகவே பழனியப்பன் இரண்டையும் வைத்துக்கொண்டார். ஏழு மணிக்குப் பால் நின்றதும் துப்பாக்கியை உருவி, கையில் பிடித்துக்கொண்டு நேரே தேயிலைத் தொழிற்சாலைக்குப் போவார். இலை காயவைக்கும் அடுப்பு அறையில் அவருக்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருந்தார்கள். தூளோடு தூளாக ஏழு நிமிடம் அங்கே காயும். பிறகு எண்ணெய் போட்டு, தோட்டா நிரப்பி, பிளாஸ்டிக் உறையில் செருகி, இடது இடுப்பில் மாட்டி, ஏழரைக்கு வேலைக்கு நிற்பார். மாலையில் மறுபடி கழுவுவார். பிளாஸ்டிக்கின் வாயில் ஒரு தோல் வாரைத் தைத்து மாட்டினார். அதை அவிழ்த்தால்தான் துப்பாக்கி வரும். அவிழ்க்க ஆகும் நேரம், ஆள் யார் என்று ஒரு தடவை கேட்பதற்குச் சரியாக இருந்தது. துரை அவரை ஒரு நாள் ஆற்றோரம் கூட்டிப்போய்ச் சுடச் சொன்னார். ஆறு தோட்டாவும் வெடித்தன. புகையில் தேயிலை வாசனை அடித்தது. துரை சரி என்று சொல்லிவிட்டார். வருடா வருடம் ஆயுதச் சோதனைக்கு வருகிற போலீஸ் சார்ஜன் யூசோப், இரண்டு உறைகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்து, தலையைச் சொறிந்து, "ஒன்று காலைக்கு, ஒன்று வேலைக்கு" என்று மலாய் மொழியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடங்களில் வந்த சார்ஜன்கள் அதையே பார்த்து எழுதினார்கள்.

ஜெயா ஒன்றரை வயதில் சோறு தின்ன ஆரம்பித்தாள். பால் நிற்கவில்லை. லயத்தில் தாய்ப்பால் பற்றாத வீடுகளுக்குப் போனது. பதின்மூன்று வருடத்தில் பத்தொன்பது குழந்தைகள் அதைக் குடித்தன. அவர்களில் யாருக்கும் துப்பாக்கி விளையாட்டில் தனிப்பட்ட ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. இதைக் கிரகரி கவனித்து எழுதி வைத்திருந்தார். அவருக்கு 1978இல் மரக்கால் வந்தது. இருவரும் பேசிக்கொள்வார்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். மேகம் இறங்குகிற நாட்களில் மட்டும் கிரகரி தூரத்திலிருந்தே தன் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவார். அதைக் கேட்டதும் பழனியப்பன் கையை இடுப்பிலிருந்து எடுத்துவிடுவார். அந்தப் பதின்மூன்று வருடத்தில் துப்பாக்கிக்கு வேலையே வரவில்லை. தான் செய்தது சரியா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டுமா என்று அவர் தினமும் காலையில் தொழிற்சாலைக்கு நடக்கும்போது யோசித்தார். தூள் தட்டை வெளியே இழுக்கும்போது யோசனை நின்றுவிடும். மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும்.

1989 டிசம்பரில், காட்டில் இருந்தவர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஓர் இளம் சார்ஜன் தோட்டத்து ஆயுதத்தைத் திரும்ப எடுத்துப்போக வந்தார். அவர் கொண்டுவந்த படிவத்தில் ஒரு ரிவால்வர், ஒரு உறை என்று அச்சடித்திருந்தது. இரண்டாவது உறையை எழுத அதில் வரி இல்லை. அலுவலக மேசைமேல் இரண்டையும் வைத்தார்கள். புது மானேஜர், பிளாஸ்டிக்கைக் கொடுங்கள், அதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது என்றார். சரோஜா வாசலில் நின்று, பிளாஸ்டிக்கைக் கொடுங்கள், தோல் நம் வீட்டில் இருக்கட்டும், சிவசாமி வீட்டுக் குழந்தைக்கு இன்னும் மூன்று மாதம் வேண்டும் என்றாள். துப்பாக்கி போன பிறகு தோல் எதைக் கண்டு சுரக்கும் என்பதை அவள் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. எங்கே பூட்டினாலும் கன்று திரும்பி வந்துவிடும் என்று நம்பினாளோ என்னவோ. கிரகரி பெஞ்சில் மரக்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

பழனியப்பன் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ரிவால்வரை எடுத்துத் தோல் உறைக்குள் வைத்தார், மேல்மடிப்பை மூடினார், இரண்டு கையாலும் சார்ஜனிடம் கொடுத்தார்.

"ரெண்டையும் பிரிக்காதீங்க," என்றார். "நான் ஒரு தடவ பிரிச்சேன்."

சரோஜா அவரோடு எட்டு நாள் பேசவில்லை. சிவசாமி வீட்டுக் குழந்தையைக் கிரகரி மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து டின் பாலுக்குப் பழக்கினார். கொஞ்சம் கக்கியது, பிறகு குடித்தது. பிளாஸ்டிக் உறையில் ஜெயா குடை செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

அந்த வருடம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு கையெழுத்து பாக்கி இருக்கிறது என்று போலீஸ் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. துணைக்குக் கிரகரியும் போனார். ஆயுத அலமாரியின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தோல் உறை துப்பாக்கியோடு தொங்கியது, அதன் கீழே ஓர் எனாமல் ஜக்கு வைத்திருந்தார்கள். எழுத்து வேலை முடிந்ததும் ஒரு போலீஸ்காரர் இரண்டு குவளை தேநீர் கொண்டுவந்து வைத்தார். கிரகரி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, பால் கொஞ்சம் உப்புக் கரிக்கிறதே என்றார். போலீஸ்காரர், முதல் இரண்டு நாள் எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, இப்போது அரைக் கரண்டி சர்க்கரை கூடப் போடுகிறோம் என்று சொல்லிச் சர்க்கரை டின்னை நகர்த்தி வைத்தார். இருவரும் அரைக் கரண்டி போட்டுக் கலக்கிக் குடித்தார்கள். பிறகு ஐந்து மணி பஸ்ஸில் தோட்டத்துக்குத் திரும்பினார்கள்.